முதல் சரணம், ஒரு புள்ளி

ஜோஸ்பின் போயிட்டா.

காலையில எங்க ஆபீஸ் பொண்ணு லான் போன் பண்ணி அழுதா. "சி மீனா… சி ஜோஸ்பின்…" இங்க வியட்நாம்ல 'சி'ன்னா அக்கா.

கொஞ்ச நாளாவே ஆஸ்பத்திரியும் வீடுமா இருந்தவதான். தெரிஞ்சதுதான்… ஆனாலும் மனசு கேக்கலை.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். ஜோஸ்பின் காரைக்கால் பொண்ணு. சைகோன்ல, தூ டுக் பக்கம் ஒரு ஆபீஸ்ல எனக்குப் பக்கத்து சீட். வெளிநாட்டுப் பதிப்பகங்களோட புத்தகங்களை எக்ஸ்எம்எல் பைலா மாத்திக் குடுக்குற கம்பெனி.

அவ ஸ்கீமா எழுதுறவ. அதாவது ஒரு புத்தகத்துல எது முன்னாடி வரணும், எது கட்டாயம், எது இல்லாட்டியும் பரவால்லன்னு கம்ப்யூட்டருக்கு விதி போடுற வேலை. விதிப்படி இருந்தா பச்சை டிக். இல்லேன்னா சிவப்பு, பைல் நகராது.

அதுல அவளை அடிச்சுக்க ஆளே கிடையாது. இதை அவகிட்ட சொன்னா "தெரியும்டி"ன்னுவா. அடக்கமெல்லாம் அவளுக்கு ஆகாது.

ஒரு தடவை பல மொழிப் பாட்டுப் புத்தகம் ஒண்ணு வந்துச்சு. சர்ச்ல பாடுறது, தமிழ்ப் பாட்டும் உண்டு. விதியைக் கிளையண்டே போட்டு அனுப்பிட்டாங்க… முதல்ல சரணம், அப்புறம்தான் கோரஸ், அதாவது நம்ம பல்லவி. அவங்க ஊர்ப் பாட்டு அப்படி.

நம்ம பாட்டு பல்லவியிலதானே ஆரம்பிக்கும்? அத்தனை தமிழ்ப் பாட்டும் சிவப்பு!

பைல் பாத்துக்கிட்டது லான். அவளுக்குத் தமிழ் ஒரு எழுத்து தெரியாது. டெட்லைன் வேற கழுத்தை நெரிக்குது. பாவம், பல்லவிக்கு மேல ஒரு சரணத்தைச் சொருகிப் பாத்தா. காலியா விட்டாலும் சிவப்பு. சரின்னு உள்ள ஒரே ஒரு புள்ளி வெச்சா.

பச்சை டிக் வந்துடுச்சு!

ப்ரூஃப்ல பாத்தா எல்லாத் தமிழ்ப் பாட்டுக்கும் மேல 1-ன்னு நம்பர், பக்கத்துல ஒரு புள்ளி. அதுக்குக் கீழ பல்லவி. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். ஜோஸ்பின் சிரிக்கல. "எங்கப்பா பாடுன பாட்டுடி இதெல்லாம்"னா.

லானை ஒரு வார்த்தை திட்டல. "பல்லவியைக் கீழ இறக்காம புள்ளி வெச்சா பாரு, அவ கெட்டிக்காரி"ன்னு ஐஸ் காபி வாங்கிக் குடுத்தா.

மேனேஜர்தான், இப்படியே பிரிண்டுக்குப் போகட்டும், அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்னாரு. இவ ஓகே பண்ண மாட்டேன்னுட்டா. ப்ராஜெக்ட் போச்சுன்னா உன் வேலையும் போகும்னாரு. "போகட்டும்"னா. நான் டேபிளுக்கு அடியில அவ காலை மிதிச்சேன். திருப்பி மிதிச்சா ராட்சசி.

அப்புறம் கிளையண்டோட வீடியோ கால். "உங்க புத்தகத்துல இருக்குறபடியே ஒரு பாட்டுப் பாடிக் காட்டவா?"ன்னு கேட்டா. பாடுன்னாங்க. எழுந்து நின்னா. வாயே திறக்கல.

"ஹலோ… ஹலோ… மியூட்ல இருக்கீங்க!"ன்னு அவங்க கத்துறாங்க. இவ அசையல.

"இது முதல் சரணம்"னா. அப்புறம் பல்லவியை எடுத்தா பாருங்க… மொத்த ஆபீஸும் டைப் அடிக்கிறதை நிறுத்திடுச்சு.

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. சரி, விதியையே எடுத்துடுறோம், எது எங்க வேணா வரட்டும்னாங்க. அப்பாடான்னு நான் மூச்சு விட்டேன். இவ விடலையே! "கதவைத் திறங்கன்னுதான் கேட்டேன், சுவத்தை இடிக்கச் சொல்லல."

அவளே உக்காந்து எழுதுனா. பல்லவியோ சரணமோ, எது வேணா முன்னாடி வரலாம். அனுபல்லவி இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. ஆனா இருந்தா பல்லவிக்கு அடுத்துதான் வரணும். சரணம் ஒண்ணாவது வேணும். அதுல எழுத்து இருக்கணும், வெறும் புள்ளி வெச்சா சிவப்பு.

அவங்க ஊர்ப் பாட்டும் பச்சை, நம்ம பாட்டும் பச்சை. அந்தப் பதிப்பகம் இன்னிக்கும் அவ எழுதுன விதியிலதான் ஓடுது. அவ என் சிநேகிதின்னு சொல்லிக்க எனக்கு அவ்ளோ பெருமை… எத்தனை பேர்கிட்ட பீத்தியிருக்கேன் தெரியுமா!

அதுக்கப்புறம் நான் எப்ப மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுப் பேசாம இருந்தாலும் இதேதான் கேப்பா. "என்னடி, முதல் சரணம் பாடுறியா?"

போன வாரம் பாக்கப் போனேன். "சர்ச்ல என் அடக்கப் பூசையில நீதான்டி தமிழ்ப் பாட்டு பாடணும்"னா. நான் மாரியம்மன் கோயில் ஆளு, என் குரல் வேற கழுதை மாதிரி இருக்கும்னேன்.

"பரவால்ல. பல்லவியில ஆரம்பி, அது போதும். இல்லேன்னா… எழுந்து வந்துடுவேன்."

நாளைக்குக் காலையில பூசை. அந்தப் பாட்டுப் புத்தகத்தை எடுத்து வெச்சுட்டேன். பாட்டுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் சும்மா நிக்கலாமான்னு லான் கேட்டா. நிக்கலாம்னேன்.

பல்லவியிலதான்டி ஆரம்பிப்பேன். சத்தியம். அதுக்கு முன்னாடி இது மட்டும், உனக்கு.

1. .