மச்சாள் வைத்த நேர்த்தி

நேர்த்தி வைத்தவர் என் கணவரின் அக்கா. கனடாவில் இருக்கிறார். அங்கே ஒரு வீடு வாங்க அலைந்துகொண்டிருந்தபோது, அது சரிவந்தால் எங்கள் குடும்பத்தில் ஒருவர் கந்தசஷ்டி ஆறு நாளும் வெறும் தண்ணீரோடு விரதம் இருப்பார் என்று முருகனிடம் சொல்லிவிட்டார். யார் அந்த ஒருவர் என்று முருகன் கேட்கவில்லை. வீடு சரிவந்தது.

சஷ்டி நெருங்கியதும் ஆள் தேடும் படலம் தொடங்கியது. மச்சாளுக்கு அங்கே குளிராம், வெறும் வயிற்றோடு வேலைக்குப் போக ஏலாதாம். அவருடைய தாய், என் மாமிக்குச் சீனி வருத்தம், பசி கிடக்கக்கூடாது. என் கணவர் புங்குடுதீவிலிருந்து யாழ்ப்பாணத்துக் கந்தோர் வேலைக்குத் தினமும் பஸ் ஏறுகிறவர். அவர் பசி தாங்கமாட்டார் என்பது மாமி ஊருக்கே அறிவித்திருந்த செய்தி. மிச்சம் நான்தான். கையில் மூன்று மாதப் பிள்ளை, அந்த வீட்டில் எல்லாரையும்விட அதிகம் சாப்பிட வேண்டியவள்.

"உமக்கென்ன, வீட்டிலதானே இருக்கிறீர்," என்றார் மச்சாள் வீடியோவில். "விரதம் இருக்கிற தாயின்ர பால் குடிச்சா பிள்ளை நல்ல புத்தியோட வரும்."

அவருடைய பிள்ளைகளுக்கு அந்தப் புத்தி ஏன் தேவைப்படவில்லை என்று நான் கேட்கவில்லை. ஓம் என்றேன். பயம்தான். நேர்த்தி தவறினால் தெய்வக்குற்றம் பிள்ளையில் இறங்கும் என்று மாமி சொன்ன பிறகு எந்தத் தாய் வாய் திறப்பாள்? எங்கள் பக்கத்துத் தெய்வங்கள் யாரோடு கோபித்தாலும் மருமகளைத்தான் தேடி வரும்.

பால் ஊற வேண்டும் என்று அதுவரை பால்சுறா மீன் வறையும் முருங்கையிலையும் வாயில் திணித்தவர்களே, சஷ்டிக்கு முதல் நாள் மச்சச் சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்தார்கள். சுறாவால் ஊறிய பால் பட்டினியாலும் ஊறும் என்று எந்தப் புராணத்தில் கண்டார்களோ தெரியாது.

முதல் இரண்டு நாளும் பால் இருந்தது, தலைதான் சுற்றியது. எழுந்து தண்ணீர் குடிக்கவும் சோர்வாக இருந்தது. மூன்றாம் நாள் பிள்ளை மார்பைப் பிடிப்பதும் விடுவதும் வீரிடுவதுமாக இருந்தாள். காலையில் கட்டிய துணி மத்தியானம் வரை நனையவில்லை. மாமியிடம் காட்டினேன். அவர் உடனே கனடாவுக்கு மகளை வீடியோவில் அழைத்தார்.

"பால்மா டின் ஒண்டு வாங்கிக் குடுக்கச் சொல்லுங்கோ அம்மா, காசு நான் அனுப்புறன். நேர்த்தி மட்டும் முறியக்கூடாது."

முருகனுக்குப் பட்டினி, பிள்ளைக்கு டின்பால், மச்சாளுக்கு வீடு. எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. நேரே குசினிக்குள் போய், மாமி தனக்கென்று வடித்து வைத்திருந்த சோற்றைக் கோப்பையில் போட்டு, பருப்பை விட்டு, நின்றபடியே தின்றேன். செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தேன். மாமி வாசலில் நின்று பார்த்தார்.

"ஆரும் கேட்டா ஒண்டும் சொல்லாதையும் பிள்ளை," என்றார். அவ்வளவுதான் அவருடைய பக்தி. மறுநாள் பிள்ளை வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கினாள். மிச்ச நாளெல்லாம் குசினிக் கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிட்டேன்.

விரதம் முடித்துச் சாப்பிடும் பாறணைக்கு அயலட்டை எல்லாம் வந்தது. பக்கத்து வீட்டு மருமகளும் வந்திருந்தாள். அவளுக்கு அப்போதுதான் வயிறு தெரியத் தொடங்கியிருந்தது.

"பாத்தியளே, ஆறு நாளும் பச்சைத் தண்ணியோட இருந்தவ," என்று மாமி என் தோளைத் தடவினார். "ஒரு சொட்டுப் பால் குறையேல்லை. எல்லாம் முருகன்ர செயல்."

அந்தப் பெண் என்னைக் கோயில் சிலையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "அப்ப பிள்ளை பிறந்தாலும் அடுத்த சஷ்டிக்கு நானும் பிடிக்கலாம், என்ன அன்ரி?"

"தாராளமாப் பிடியும்," என்றார் மாமி.

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"மூண்டாம் நாளே சோறு திண்டனான் தங்கச்சி," என்றேன், எல்லாருக்கும் கேட்க. "தின்னாமல் கிடந்ததில என்ர பிள்ளைக்குப் பால் இல்லாமல் போச்சு."