ஊதுபத்தி படாத தங்கூசி

பிள்ளைகளே, அறையில் தொங்கும் அந்த இரட்டை இறக்கைப் பொம்மை விமானத்தில் கை வைத்தால் நான் ஏன் சத்தம் போடுகிறேன் என்று உங்களுக்கு இதுவரை சொன்னதில்லை. எனக்கு எழுதிப் பழக்கம் குறைவு. ஆனால் வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

அதைப் பெட்டியோடு உங்களுக்காகத்தான் பதுளை டவுனில் வாங்கினேன். பிளாஸ்டிக் துண்டுகளை நான் ஒட்டினேன். மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவே குறுக்காக இழுத்துக் கட்டும் கம்பிகள் மட்டும் பெட்டியில் இல்லை. அந்தக் காலத்து விமானங்களில் இறக்கைகளைப் பிடித்து வைத்திருந்ததே அந்தக் கம்பிகள்தான்.

உங்கள் அம்மாவுக்கு அப்போது நெஞ்சு நோய் முற்றி, தேயிலைக் கொழுந்தெடுக்கப் போவதை நிறுத்தியிருந்தாள். கட்டிலில் உட்கார்ந்தபடி இறக்கையின் ஊசித் துளைகளில் தங்கூசியைக் கோர்த்தவள் அவள்தான். மீன் தூண்டிலுக்குப் போடுவார்களே, அந்த மெல்லிய நரம்பு. வேலை முடிந்ததும் விமானத்தைத் தன் கட்டிலுக்கு நேர் மேலே தொங்கவிடச் சொல்லியிருந்தாள். படுத்தால் அவள் கண்ணுக்குத் தெரிந்தது எங்கள் லயத்து வீட்டின் கூரைத் தகரம் மட்டும்தான்.

சாயங்காலம் விறைப்பாகக் கட்டிய நரம்பு, மடுல்சீமைப் பனிமூட்டம் உள்ளே வந்ததும் ஈரம் குடித்துக் காலையில் தொய்ந்து கிடந்தது.

“ஏங்க, இது பறக்கவா, துணி காயப்போடவா?” என்று கேட்டாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

பிறகு தொழிற்சாலையில் எரிந்துபோன மோட்டாரிலிருந்து தலைமுடி மாதிரி செப்புக் கம்பி எடுத்து வந்தேன். கண்ணாடித் துண்டின் மேல் வைத்து கோடு போடும் அடிமட்டத்தால் உருட்டினால் நேராகிவிடும். ஒரு பக்க இறக்கையில் மட்டும் போட்டுப் பார்த்தேன். ஈரம் அதை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அவள் விமானத்தைத் தூக்கிப் பார்த்தபோது கட்டைவிரல் பட்டு ஒரு கம்பி மடங்கியது. செம்பு ஒருமுறை மடங்கினால் அந்தத் தழும்பு போகாது. அவள் விமானத்தைக் கீழே வைத்தாள். அந்தப் பக்கமும் தங்கூசியே போட்டேன்.

எரியும் ஊதுபத்தியை நரம்பில் படாமல் பக்கத்தில் கொண்டுபோனால், சூட்டில் சுருங்கி விறைத்துக்கொள்ளும் என்று போனில் பார்த்தேன். ஆனால் அவளுக்குப் புகையே ஆகாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். சாமிப் படத்துக்குக்கூட நாங்கள் பத்தி ஏற்றுவதில்லை. வாசலில் வைத்துச் செய்தேன். காற்றில் கை அசைந்து, நான் கோர்த்ததில் இரண்டு அறுந்தன. அவள் கோர்த்த பக்கத்தைத் தொட மனம் வரவில்லை.

“உள்ளயே கொளுத்துங்க. ஒரு பத்திதானே, மூச்ச புடிச்சிக்கிறேன்.”

“வேணாம் புள்ள. வெயில் வரட்டும், வாசல்லயே செய்றேன்.”

வெயில் வருவதற்கு முன்னால் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். விமானம் தொங்குவதை அவள் பார்க்கவே இல்லை.

அவளைக் கொண்டுவந்து கிடத்தியதிலிருந்து அந்த அறை முழுக்க ஊதுபத்திப் புகைதான்.

காரியம் முடிந்து, மாமா உங்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போன அன்று, அவள் படத்துக்கு முன்னால் வாழைப்பழத்தில் குத்தியிருந்த பத்தியை எடுத்தேன். அவள் கோர்த்த நரம்புகளுக்குப் பக்கத்தில் மெதுவாகக் கொண்டுபோனேன். ஒவ்வொன்றாக விறைத்தன. பத்தியை மறுபடி அதே துளையில் குத்திவிட்டு, கட்டில்மேல் ஏறி நின்று, விமானத்தைக் கூரைச் சட்டத்தில் கட்டினேன்.