தொண்ணூற்றேழில் நின்ற பெட்டி

“…இல்லப்பா, நான் கேக்கறது இன்னான்னா, தொண்ணூத்தேழு வரைக்கும் ஏறத் தெரிஞ்சதுக்கு மிச்சம் மூணு ஏறத் தெரியாதா? இது ரிப்பேர் இல்ல. வீம்பு” என்றார் அக்கா.

சனிக்கிழமை காலை பத்து மணி சுமாருக்கு நடந்தது இது. பெங்களூர் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், மூன்றாம் மாடியில் எங்கள் அலுவலகம். மேசைமேல் லேப்டாப். அதன் திரையில், சாஃப்ட்வேர் எத்தனை சதவீதம் ஏறியது என்று காட்டும் ஒரு நீலப் பட்டை ஒன்றே முக்கால் மணி நேரம் ஊர்ந்து வந்து, முனையைத் தொட நகக்கண் அளவு பாக்கி இருக்கும்போது நின்றுவிட்டது. பட்டைக்கு மேல் ஒரு சின்ன அறிவிப்பு: உள் பிழை, நிர்வாகியை அணுகவும். கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று, மறுபடி முயல்வதற்கு. இன்னொன்று, கைவிடுவதற்கு.

“இந்த நிர்வாகி யாரு?”

“நான்தான்க்கா.”

“அப்ப போய் உன்னையே அணுகு.”

சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை. ஆனாலும் அந்த வாக்கியத்தைப் பழைய பிரிண்ட் அவுட் ஒன்றின் பின்பக்கம் கிறுக்கி வைத்தேன். யாராவது வாயிலிருந்து நல்லதாக ஒன்று விழுந்தால் எழுதி வைப்பது என் பழக்கம். படிப்பை பி.யு.சி.யோடு விட்டு, எஸ்.பி. ரோட்டுக் கடையொன்றில் கம்ப்யூட்டர்களைத் திறந்து, மூடி, மறுபடி திறந்துதான் தொழில் கற்றுக்கொண்டேன். புத்தகம் சொல்லித்தராததை மனிதர்கள் வாய் சொல்லித்தந்திருக்கிறது. அதனால் வாய்களின்மேல் எனக்கு ஒரு பக்தி.

அக்கா தங்கவயல்காரர். சுரங்கத்தின் ஸ்டோர்ஸில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவர். கயிறு, விளக்கு, போல்ட், நட்டு என்று எது உள்ளே வந்தது, எது வெளியே போனது என்பதை எழுதி எழுதிக் கை காய்த்தவர். சுரங்கத்தை மூடிய பிறகு, விடிவதற்கு முன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வரும் கூட்டத்தில் அவரும் ஒருவரானார். எங்கள் கம்பெனி தொழிற்சாலைகளுக்கு ஒரு பெரிய சாஃப்ட்வேரைப் பொருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தது. கொள்முதல், ஸ்டோர்ஸ், உற்பத்தி, கணக்கு எல்லாம் ஒன்றுக்குள். எழுதித் தருகிற பிள்ளைகள் யாரும் ஒரு ஸ்டோர்ஸின் கதவைக்கூடப் பார்த்ததில்லை என்பதால் அக்காவை எடுத்தார்கள். ஆறு மாதம் பார்க்கலாம், பிறகு நிரந்தரம் என்றார்கள். அந்த ஆறாவது மாதம் அது.

திங்கட்கிழமை காலை கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் தொழிற்சாலையில் அக்கா ஸ்டோர்ஸ் பகுதியை ஓட்டிக் காட்டவேண்டும். அதற்கு இந்தச் சனிக்கிழமை இரவே ஒன்பதரைக்கு ரயில். அவருடைய முதல் வெளியூர் வேலை. முந்தின நாள் மாலை மேனேஜர் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்: “நாளைக்கு மூணு மணிக்கு எனக்கு வீட்டுக்கு போன் பண்ணு. அவங்க லேப்டாப் ரெடியாகலேன்னா பையன் போகட்டும். அவன்துல எல்லாம் ஓடுது. இங்கிலீஷும் தடுக்காம வரும், கஸ்டமருக்கும் ஒரு கான்ஃபிடென்ஸ்.” பையன் என்றது எங்கள் குழுவிலிருந்த இன்னொருவரை. இருபத்தாறு வயது, பிரேசர் டவுன் வீடு.

அக்கா அதற்கு ஒன்றும் வருத்தப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. என்னிடம் மட்டும் சொன்னார்: “ஒரு தடவ அந்த ஸ்டோர்ஸ்காரங்க எதுர்ல உக்காந்துட்டேன்னா போதும்பா. அப்பறம் என்னைத் தூக்கறது கஷ்டம்.”

ஆகவே பத்து மணிக்கு மறுபடி தொடங்கினேன். மொத்தம் ஏழு சி.டி. ஒவ்வொன்றையும் கைக்குட்டையால் துடைத்துப் போட்டேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தாளில் கோடு போட்டு, எந்த சி.டி. எத்தனை மணிக்கு உள்ளே போனது, எப்போது வெளியே வந்தது என்று எழுதிக்கொண்டிருந்தார். மூன்றாவதை எடுக்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். “ரெண்டாவது திரும்பி வந்துச்சா? உறையில போட்டியா? போட்டுட்டு எடு.”

எனக்குக் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. பட்டை முப்பதைத் தாண்டும்போது தண்ணீர் குடிக்கப் போவேன். நாற்பதில் ஜன்னலுக்குப் போவேன். கீழே மார்க்கெட்டுக்குப் போகும் ஜனத்தைப் பார்ப்பேன், பார்த்ததில் ஒன்றும் மனதில் ஏறாது. திரும்பி வந்தால் நாற்பத்தொன்று. நாம் பார்த்தால்தான் நகரும் என்று ஒரு நம்பிக்கை, பார்க்காவிட்டால்தான் நகரும் என்று இன்னொரு நம்பிக்கை, இரண்டும் ஒரே மண்டைக்குள்.

“உக்காருப்பா. நீ நடக்கற நடைக்கு கோயம்புத்தூரே போயிருக்கலாம்.”

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் தொண்ணூற்றேழு. நின்றது. அதே அறிவிப்பு.

சாஃப்ட்வேர் விற்றவர்களின் உதவி எண்ணுக்கு போன் போட்டேன். வெகுநேரம் சங்கீதம் கேட்க வைத்துவிட்டு ஒருவர் வந்தார். லைசென்ஸ் சரியாக இருக்கிறது, நீங்கள் போன திங்கட்கிழமை அனுப்பிய எண்ணுக்குத்தான் போட்டிருக்கிறோம், உங்கள் பக்கம்தான் ஏதோ இருக்கிறது என்றார். எங்கள் பக்கம் நானும் அக்காவும்தான் இருந்தோம். வைரஸ் தடுப்பை நிறுத்தினேன், தேவையில்லாத கோப்புகளை அழித்தேன், மூன்றாம் முறை தொடங்கினேன். சாப்பிடக்கூடப் போகவில்லை. அக்கா டிபன் பாக்ஸைத் திறந்து, எலுமிச்சைச் சாதத்தில் பாதியை மூடியில் வைத்துத் தள்ளினார். நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

ஒன்றே முக்கால். தொண்ணூற்றேழு.

இனி நான்காவது முறைக்கு நேரமில்லை. கைவிடும் பொத்தானுக்கு அம்புக்குறியைக் கொண்டுபோனேன். அக்கா என் மணிக்கட்டைத் தட்டினார்.

“இரு. அந்த ஆளு நம்பர்னாரே, அது எந்த நம்பரு?”

அதை விளக்கினேன். ஒருவர் வாங்கிய சாஃப்ட்வேரை ஊரெல்லாம் போட்டுக்கொள்ளக் கூடாது என்று, எந்த மிஷினில் ஓட வேண்டுமோ அந்த மிஷினின் எண்ணைக் கேட்டு வாங்கி அதற்கு மட்டும் லைசென்ஸ் தருவார்கள். திங்கட்கிழமை ஒரு சின்ன புரோகிராமை ஓட்டினேன், திரையில் ஓர் எண் வந்தது, அனுப்பினேன், ஃபேக்ஸில் லைசென்ஸ் வந்தது.

“சரி. மிஷின்ல அந்த நம்பர் எங்க எழுதியிருக்கு?”

“எழுதியிருக்காதுக்கா. உள்ள இருக்கும்.”

“நம்பர் இல்லாத பொருள் ஏதுப்பா உலகத்துல” என்றபடி அவர் லேப்டாப்பைச் சாய்த்து அடிப்பக்கத்தைப் படித்தார். ஃபேக்ஸோடு ஒத்துப்போகவில்லை. சார்ஜரைத் திருப்பிப் படித்தார். பிறகு லேப்டாப்பின் பக்கவாட்டில் செருகியிருந்த நெட்வொர்க் கார்டை, நான் தடுப்பதற்குள், உருவிவிட்டார். சீட்டுக்கட்டில் ஒரு சீட்டு அளவு தகடு அது. எங்களுடைய பழைய லேப்டாப்புகளில் நெட்வொர்க் உள்ளேயே கிடையாது, இதைச் செருகினால்தான் உண்டு. செருகாவிட்டால் இந்த சாஃப்ட்வேர் வேலையைத் தொடங்கவே தொடங்காது. நான்கு லேப்டாப்புகளுக்கு இரண்டு கார்டுகள். இரண்டும் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கும், வேண்டியவர் எடுத்துக்கொள்வார்.

அக்கா கார்டின் பின்புறத்தை வெளிச்சத்தில் பிடித்தார். எறும்பு எழுத்தில் ஓர் எண் இருந்தது. ஃபேக்ஸில் இருப்பதைப் போலவே பன்னிரண்டு எழுத்துகள். முதல் பாதி அப்படியே ஒன்று. கடைசி நான்கு வேறு.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எண் லேப்டாப்புடையது இல்லை, கார்டுடையது. திங்கட்கிழமை டப்பாவில் ஒரு கார்டுதான் இருந்தது, அதைச் செருகித்தான் எண் எடுத்தேன். இன்றைக்கும் டப்பாவில் ஒன்றுதான் இருந்தது. ஒரே நிறம், ஒரே அளவு. உட்காரும்போது எந்த நாற்காலி என்று யார் பார்க்கிறார்கள்? அப்படி எடுத்துக்கொண்டேன்.

அக்காவுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்பு வந்தது. “எங்க சுரங்கத்துல கீழ எறங்கறவனுக்கு டோக்கன் உண்டு. டோக்கனக் குடுத்துட்டு விளக்கு வாங்கணும், மேல வந்து விளக்கக் குடுத்துட்டு டோக்கன் வாங்கணும். ஒருத்தன் வேற எவனோட டோக்கனையோ வாங்கினு போயிட்டான். அவன் வீட்ல உக்காந்து மீன் கொழம்பு சாப்புடறான், இங்க அவன் டோக்கன் தொங்குது. கணக்குல இன்னும் கீழ இருக்கான். ஒரு ஷிஃப்டே அவனைத் தேடுச்சு. இந்த மிஷினும் மூஞ்சியப் பாக்கலப்பா, டோக்கனத்தான் பாக்குது.”

எங்களுடைய டோக்கன் யாரிடம் இருக்கிறது என்று யோசிக்கவே வேண்டாம். பையன் லேப்டாப்பில் எல்லாம் ஓடுகிறதென்றால் இன்னொரு கார்டு அங்கேதான். பிரேசர் டவுனுக்கு போன் போட்டேன். கார்டு தன்னிடம்தான் இருக்கிறது, புதன்கிழமை எடுத்தது, வந்து பாருங்கள் என்றார் பையன். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. அப்போது கவனிக்கவில்லை.

திரையில் அந்த அறிவிப்பு அப்படியே நின்றிருந்தது. சரியான கார்டைச் செருகி மறுபடி முயல்க என்று அழுத்தினால் மிச்சம் மூன்றும் ஏறிவிடலாம். மூடினாலோ அணைத்தாலோ முதலிலிருந்து தொடங்கவேண்டும். அதனால் திறந்த லேப்டாப்பையே தூக்கிக்கொண்டு போவதென்று முடிவு செய்தோம். பேட்டரி ஐம்பது நிமிஷம் தாங்கும் என்று காட்டியது. இந்தப் பேட்டரி சொல்வதில் பாதியை நம்பலாம்.

வாசலில் செக்யூரிட்டிக்காரர் கேட் பாஸை வாங்கி நிதானமாகப் படித்தார். “ஏளு கண்டெ அந்தா பர்திதீரல்லம்மா?” ஏழு மணி என்றல்லவா எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டார்; இரவுப் பயணத்துக்காகப் பாஸில் அப்படி எழுதியிருந்தோம், இப்போது இரண்டு.

அக்கா கன்னடத்திலேயே பதில் சொன்னார், ஏழு மணிக்கு லேட்டாகப் போவதைவிட இரண்டு மணிக்குச் சீக்கிரமாகப் போவது நல்லதில்லையா என்று. அவருக்கு அதில் ஏதோ நியாயம் தெரிந்திருக்க வேண்டும். விட்டுவிட்டார்.

ஆட்டோவில் அக்கா லேப்டாப்பை மடியில் வைத்து, வெயில் படாமல் முந்தானையால் திரையை மறைத்துக்கொண்டார். மார்க்கெட் முனையில் கறிக்கடை வண்டியும் பஸ்ஸும் மூக்கோடு மூக்கு நின்றன. எதுவும் அசையவில்லை. நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன், திரும்பி வந்தேன், மறுபடி இறங்கினேன்.

“இன்னாக்கா, டி.வி.யா? படம் ஓடுதா?” என்றார் டிரைவர்.

“எங்கப்பா ஓடுது. தொண்ணூத்தேழுல நிக்குது.”

“நம்ம மீட்டர்ல சேத்து உடுக்கா. அது எங்கயும் நிக்காது.”

பிரேசர் டவுனில் அந்த வீட்டுப் படியேறும்போது பேட்டரியில் ஆறு சதவீதம். கதவைத் திறந்த பையனைத் தள்ளாத குறையாக உள்ளே போய் சார்ஜரைச் சொருகினேன். பிறகுதான் மூச்சு வந்தது, பிறகுதான் சுற்றிலும் பார்த்தேன். சாப்பாட்டு மேசைமேல் அவருடைய லேப்டாப். பக்கத்தில் அக்கா எழுதிய குறிப்புகளின் ஜெராக்ஸ், பென்சிலால் அடிக்கோடிட்டு. திரையில் அதே அறிவிப்பு. உள் பிழை, நிர்வாகியை அணுகவும்.

“உன்னுதும் தொறக்கலையா? எப்பத்துலேர்ந்து?” என்றார் அக்கா.

“புதன்கிழமைலேர்ந்து” என்றார் தலையைக் குனிந்துகொண்டு. “சொன்னா என்னையும் வேணாம்னுடுவாங்க. இன்னிக்குள்ள சரி பண்ணிடலாம்னு பாத்தேன். நான் இதுவரைக்கும் ஒரு ஃபாக்டரிய உள்ள போய்ப் பாத்ததில்ல.”

அவருடைய லேப்டாப்புக்கு லைசென்ஸ் வாங்கியது எங்களிடம் இருந்த கார்டின் எண்ணுக்கு. புதன்கிழமை டப்பாவிலிருந்து மாற்றி எடுத்திருக்கிறார். ஆறு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இரண்டு பேர் ஒருவர் டோக்கனை ஒருவர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அக்கா அவருடைய மிஷினிலிருந்து கார்டை எடுத்து, பின்பக்கத்தை ஃபேக்ஸோடு ஒப்பிட்டு விரல் வைத்துப் படித்தார். நாங்கள் கொண்டுவந்த கார்டைத் தன் மடியில் போட்டுக்கொண்டு, இதை எங்கள் லேப்டாப்பில் செருகி, பொத்தானை அழுத்தினார். தொண்ணூற்றெட்டு. நூறு. தொண்ணூற்றொன்பதை நான் பார்க்கவே இல்லை. பட்டை மறைந்தது. அக்கா ஸ்டோர்ஸ் பக்கத்தைத் திறந்து இருபது பேரிங் உள்ளே வந்ததாக எழுதினார், மூன்றை வெளியே கொடுத்தார். இருப்பு பதினேழு என்று காட்டியது.

மணி இரண்டு ஐம்பது. இன்னொரு கார்டு அக்காவின் மடியில் இருந்தது. நான் கண்ணாலேயே சொன்னேன்: அதைப் பையில் போடுங்கள், அலுவலகப் பொருள், டப்பாவுக்குப் போகவேண்டியது, ஒருத்தரும் குறை சொல்ல முடியாது, வாருங்கள். இவர் மிஷின் இப்படியே கிடந்தால் மேனேஜருக்கு வேறு வழி கிடையாது. உயிர் வந்துவிட்டால், தடுக்காத இங்கிலீஷ் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். அந்தத் தராசு எப்படிச் சாயும் என்று மூன்று பேருக்கும் தெரியும். பையன் கார்டைக் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் நின்றார்.

“கொஞ்சம் நவுரு தம்பி” என்றார் அக்கா. கார்டை அவருடைய லேப்டாப்பில் செருகினார். அது திறக்கும்வரை நின்று பார்த்தார். திறந்ததும் மூலையிலிருந்த டெலிபோனை எடுத்து, என்னைக் கேட்காமலேயே மேனேஜர் வீட்டு நம்பரைச் சுழற்றினார்.

“சார், நாந்தான். ரெண்டு மிஷினும் ஓடுது. டிக்கெட் என் பேர்ல இருக்கு, நான் கெளம்பறேன்.”

மறுமுனையில் ஒரு குரல் “இல்லம்மா, நான் என்ன யோசிக்கறேன்னா…” என்று தொடங்கியது எனக்கே கேட்டது. “சரிங்க சார், ட்ரெயினுக்கு நேரமாவுது” என்று சொல்லி, அக்கா ரிசீவரை வைத்துவிட்டார்.