என் ஓஸை அறுத்தவன்

எனக்குக் கொரோனா என்று தெரிந்த அன்றே எங்கள் மலைக்கிராமமான பூண்டியில் வீட்டுக் கதவில் கல் விழுந்தது. எறிந்தவன் பக்கத்துத் தோட்டத்து மாரியப்பன். "ஊர விட்டு வெரசாக் கெளம்பு!" என்று கத்தினான்.

மறுநாள் வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை. காய்ச்சலைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. மலை ஊற்றிலிருந்து வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும் ரப்பர் குழாய், எங்கள் ஓஸ், போன வழியே ஊற்றுவரை ஏறினேன். அறுந்த ஓஸுக்குப் பக்கத்தில் அரிவாளோடு மாரியப்பன் உட்கார்ந்திருந்தான். ஓங்கி அறைந்தேன். மூக்கில் ரத்தம் கொட்டியது. அரிவாளைப் பிடுங்கிக் கழுத்துக்கு நேரே ஓங்கினேன். அவன் ஓடவில்லை, இருமினான். நெஞ்சைப் பிய்க்கும் அதே இருமல்தான் எனக்கும்.

"ஏலே, ஒனக்கு எப்ப இருந்து?"

"ஒங்களுக்கு முன்னாடியே. வெளிய சொல்லிராதீங்கண்ணே, என் ஓஸையும் அறுத்துருவாங்க."

அடித்த கையாலேயே அவனைத் தாங்கிக் கீழே இறக்கினேன். இன்றுவரை அவனை மன்னிக்கவில்லை. ஊரில் யாரிடமும் சொல்லவும் இல்லை.