வீட்டுக்காரியின் சுவரில் நான் போட்ட மாலை

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து வாடகைக்கு இருக்கும் பார்க்டேலில் எங்கள் வீட்டுக்காரி ஒரு வெள்ளைக்கார மனுசி. அவருடைய முன்னோர் கப்பலில் அமெரிக்காவுக்கு வந்து, இங்கிலாந்து அரசனிடம் காணி பெற்றவர்களாம். எங்கெங்கோ தேடி, அந்தப் பரம்பரையின் படங்களைச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்தார். எங்களுக்கு இடம் தந்தவர் என்ற நன்றியில், ஆடி அமாவாசையன்று எல்லாப் படங்களுக்கும் பூமாலை போட்டேன். மனுசி என்னைக் கட்டிப்பிடித்தார்.

வேலையால் வந்த மகள் திடுக்கிட்டாள். "என்னணை அம்மா செய்தனீங்கள்? கடைசிப் படம் அவவின்ர தம்பி. உயிரோட இருக்கிற மனிசன்! இண்டைக்குச் சாப்பிட வாறார்!"

மாலையைக் கழற்றுவதற்குள் அந்தத் தம்பி வந்துவிட்டார். மகள்தான் விஷயத்தைச் சொன்னாள். நான் குசினிக் கதவோடு ஒட்டி நின்றேன். அவர் மாலையைத் தானே கழற்றி என் கையில் தந்து, ஏதோ சொன்னார்.

"உங்களை இன்னும் கொஞ்சக் காலம் பொறுக்கட்டாம், அம்மா," என்று மகள் தமிழில் சொன்னாள்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகத்தை நிமிர்த்த முடியவில்லை. இப்போது எந்தப் படத்துக்கும் பூ வைக்குமுன், ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று மகளைக் கேட்கச் சொல்கிறேன். அவள் வீட்டில் இல்லாவிட்டால் பூ சாமிக்குத்தான்.