லைன்மேடு இருக்கட்டும்

சாலம்மாள் மரக்காணம் உப்பளத்தில் உப்பு சுமப்பவள். வயது நாற்பத்திரண்டு. அதிர்ந்து பேசாதவள் என்று பெயரெடுத்தவள். 2005 ஆனி மாதத்தில் அந்தப் பெயர் போயிற்று.

உப்பளத்துக்கும் சாலைக்கும் நடுவே, பாத்திகளை ஒட்டி, ஆள் உயரத்துக்கு ஒரு மண்மேடு நீண்டு கிடந்தது. அதன் வடக்கு முனை சாலையில் போய் முட்டியது. அதன்மேல் துருப்பிடித்த தண்டவாளம். முன்பு அதில் டிராலியில் உப்பு போகும். டிராலி நின்று இருபது வருஷமாகியும் அதற்கு லைன்மேடு என்றே பெயர். சுனாமி வந்த காலையில் பாத்தியில் வரப்பு கட்டிக்கொண்டிருந்த முப்பது பேர் அதில் ஏறித்தான் பிழைத்தார்கள். சாலம்மாளும் ஏறினாள்.

முதலாளி சிவஞானம் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "தண்டவாளத்தப் பேத்துட்டு மேட்ட மட்டம் பண்ணப்போறேன். லாரி பாத்திகிட்டயே வந்துடும். ஒங்களுக்குத்தான் நல்லது."

சாலம்மாள் எழுந்தாள். "இரும்ப எடுத்துக்கோங்க மொதலாளி. மேட்ட வுட்டுடுங்க. அன்னிக்கி அது இல்லன்னா நாங்க இல்ல."

முதலாளிக்கு முன்பே, கூடச் சுமக்கும் ரேணுகா பக்கத்திலிருந்து சொன்னாள்: "கடலு இன்னொரு வாட்டி எப்ப வருமோ, கழுத்துவலி தெனம் வருதுக்கா. மேடு இருந்தா லாரி வராது. சாவற மட்டும் ரோடு வரைக்கும் சுமக்கச் சொல்றியா?"

பல தலைகள் ஆடின. சாலம்மாள் உட்கார்ந்துவிட்டாள். சுனாமியன்று மேட்டின்மேல் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தவள் ரேணுகாதான். அவள் சொன்னதும் நிஜம்தான்.

மறுநாள் வேலை முடிந்ததும் சாலம்மாள் ஒரு கயிற்றோடு போனாள். சாலையோரம் நின்ற லாரியின் அகலத்தை அளந்தாள். பிறகு மேட்டின் அகலத்தை. மேடு மூன்று முழம் குறைந்தது. நேரே முதலாளியிடம் போனாள்.

"மேட்ட இடிக்க வேணாங்க, அகலம் பண்ணுங்க. லாரி மேலயே வரட்டும்."

"மண்ணு?"

"வருஷா வருஷம் வாய்க்கால்ல சேறு வாரித் தூரக் கொட்றோமே, அத மேட்டோரம் கொட்டலாம்."

"ஆளு?"

"நாங்கதான். சும்மா இல்ல, கூலிக்கு."

அவர் சிரித்து அனுப்பிவிட்டார். அவள் மறுபடி போனாள், மறுபடியும் போனாள். அதற்குள் இயந்திரம் வந்து தெற்குப் பக்கம் பாதி மேட்டைத் தின்றுவிட்டது. அன்று மதியம் அவள் பாதிச் சோற்றை மூடி வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு எழுந்தபோது ரேணுகாவும் கூட வந்தாள்.

"எனக்கு லாரி வந்தாப் போதுங்க," என்றாள் ரேணுகா முதலாளியிடம். "மேட்டுமேல வந்தா இன்னும் நல்லது. இந்த அக்கா சொல்றதயும்தான் செஞ்சு பாருங்களேன்."

சிவஞானம் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "தண்டவாளத்த மட்டும் எடுத்துக்கறேன், மீதி மேட்ட வுட்டுட்றேன். தை மாசம் சேறு வாரும்போது பாக்கலாம்."

தை பிறந்ததும் சாலம்மாள் முதல் கூடையைக் கொட்டினாள். இரண்டு மாதம் சேறு கொட்டி, காயவிட்டு, மிதித்து இறுக்கினார்கள். பங்குனியில் முதல் லாரி வந்தது. டிரைவர் மேட்டைப் பார்த்துத் தயங்கினார். "தாங்குமாம்மா?"

"நாங்க கட்னது. ரிவர்ஸ்ல வாங்க, நான் பாத்துக்கறேன்."

வண்டிக்குப் பின்னால் நின்று, கையை ஆட்டி ஆட்டி, பாத்தி ஓரம் வரை கொண்டுவந்து நிறுத்தினாள். ரேணுகா இருபதே அடி நடந்து கூடையை ஏற்றினாள். சாலம்மாள் கணக்குப்பிள்ளையைத் தேடிப்போய், இடித்த தெற்குப் பாதியில் மறுபடி மண் கொட்ட எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்டாள்.