வரப்பில் மத்தியானச் சாப்பாடு

என் கணவரின் வலது கால் சுண்டுவிரலில் வந்த புண் ஆறவே இல்லை. மயிலாடுதுறையில் நாங்கள் காட்டும் டாக்டர் அதை அமுக்கிப் பார்த்துவிட்டு, "சர்க்கரை இறங்கலன்னா விரலை எடுக்க வேண்டியிருக்கும். ஒரு மாசம் பாப்போம்" என்றார். கத்திரிக்காய் விலை சொல்வது மாதிரிச் சொன்னார். இவரோ, "சாப்பாட்டையே பாதியாக் குறைச்சிட்டேன் டாக்டர்" என்று பெருமையடித்துக்கொண்டார்.

குறைத்தது பொய்யில்லை. காலையில் சர்க்கரை போடாத டீ. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வயலிலிருந்து வந்து இரண்டு கரண்டி சோறு. ராத்திரி இரண்டு இட்லி. சொந்தக்காரர்கள் எல்லாம் "மனுஷன்னா இவர் மாதிரி கட்டுப்பாடா இருக்கணும்" என்று மெச்சினார்கள். ஆனாலும் காலையில் வெறும் வயிற்றில் கைவிரலைக் குத்தி மெஷினில் பார்த்தால் சர்க்கரை ஏறித்தான் நிற்கும். எனக்கு அந்த மெஷின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

பிறகு ஒருநாள் காலை பழைய சோற்றுப் பானையைத் திறந்தேன். மிஞ்சிய சோற்றில் ராத்திரி நான் ஊற்றி வைத்த தண்ணீர் இருந்தது, சோற்றைக் காணோம். மறுநாள் வாழைப்பழம் குறைந்தது. அதற்கடுத்து அதிரச டப்பா காலி. வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். பூனைக்கு டப்பா திறக்கத் தெரியாது.

கேட்டதற்கு எரிந்து விழுந்தார். "பாதித் தூக்கத்துல பசி பிராணனை வாங்குது. கை தானாப் போவுது. நான் என்ன செய்ய?" நான் மட்டும் சளைத்தவளா? சமையலறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு படுத்தேன். அவர் பூட்டை ஆட்டும் சத்தம் கேட்டது. கட்டிய புருஷனைத் திருடன் மாதிரி வெளியே நிறுத்திவிட்டோமே என்று அழுகை வந்தது, அவர் மேலே ஆத்திரமும் வந்தது. எழுந்துபோய்த் திறந்துவிட்டேன்.

அந்த வாரமே அவருக்குத் தெரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே சாப்பாட்டு முறை சொல்லித்தரும் பெண்ணிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"பூட்டெல்லாம் வேண்டாம்மா" என்றாள். "பகல்ல பட்டினி கிடந்தா ராத்திரி உடம்பு சும்மா விடுமா? காலையில இட்லியோட நிறைய சாம்பார் குடுங்க. மத்தியானம் ஒரு மணிக்குள்ள கொஞ்சம் சோறு, அதுக்கு ரெண்டு மடங்கு காய், கீரை, ஒரு முட்டை. சாயங்காலம் சுண்டல். நேரம் மட்டும் தவறக் கூடாது."

காலைச் சாப்பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டே வழிக்கு வந்தார். மத்தியானம்தான் மல்லுக்கட்டு. அப்போது சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் நடவாட்கள் கரையேறாமல் வயல்காரர் சோற்றில் கை வைக்க மாட்டார். நடுகிற பெண்கள் தாங்கள் கொண்டுவந்ததைக் காலையிலேயே சாப்பிட்டுவிட்டுச் சேற்றில் இறங்கினால் வேலை முடிய மூன்று மணி ஆகும். அவர்கள் முதுகு வளைந்து நிற்கும்போது எதிரே உட்கார்ந்து தின்பது கேவலம் என்பது இவர் குடும்பத்தில் ஊறிப்போன எண்ணம். புண்ணில் சேறு படாமல் காலில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு, காய்ந்த வயிற்றோடு வரப்பில் நிற்பார்.

பன்னிரண்டரை மணிக்கு டிபன் கேரியரோடு நானே வரப்புக்குப் போனேன்.

"இங்க எதுக்கு வந்த? வீட்டுக்குப் போ" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"சாப்பிடுங்க. போறேன்."

"ஆளுங்க நிக்கிறாங்க. மானத்தை வாங்காத."

நாற்றுக் கட்டோடு நின்ற ஒரு பெண், "சாப்பிடுங்களேன், நாங்க என்ன கண்ணா போடப் போறோம்?" என்று சிரித்தாள். இவர் முகம் சிவந்துவிட்டது. கேரியரைக் காலால் தள்ளினார். மேல் கிண்ணத்திலிருந்த கீரை வரப்பில் கொட்டியது. எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"ராத்திரி பானைக்குள்ள கையை விட்டுத் திங்கிறது மட்டும் மானமா?" என்று கத்தினேன். "விரலை வெட்டி எடுத்தா அந்த மானம் வந்து ஒட்டவைக்குமா?"

அத்தனை பெண்களும் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்கள். இத்தனை வருஷத்தில் நான்கு பேர் முன்னால் அவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. கை ஓங்குவார் என்றுகூடப் பயந்தேன். அவர் குனிந்து கேரியரை எடுத்தார். நொண்டிக்கொண்டே மோட்டார் கொட்டகைக்குப் போனார். எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார்.

அன்று சாயங்காலம் என்னோடு பேசவில்லை. ஆனால் சுண்டலை மிச்சம் வைக்கவில்லை. ராத்திரி எழுந்தார், பழைய சோற்றைத் தின்றார். மறுநாளும் கேரியர் கொண்டுபோனேன், அதற்கடுத்த நாளும். நடவு முடியும்வரை ஒரு நாள் விடவில்லை. ராத்திரி எழுந்திருப்பது மெல்ல மெல்லக் குறைந்தது. ஒருமுறை எழுந்து தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வந்து படுத்தார். நான் தூங்குகிற மாதிரி கிடந்தேன். காலையில் பார்க்கும் சர்க்கரையும் இறங்கத் தொடங்கியது. விரல் மட்டும் பிடிகொடுக்கவில்லை. எனக்குப் பார்க்கும்போதெல்லாம் கறுத்துக்கொண்டே போவதாகத் தோன்றும்.

மாதம் முடிந்து மறுபடி காட்டப் போனபோது டாக்டர் கட்டைப் பிரித்தார். விரலைத் திருப்பினார், டார்ச் அடித்தார், பரிசோதனைத் தாளைப் பார்த்தார், மறுபடி விரலுக்கு வந்தார். இவர் எப்போதும் போல விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"எடுக்க வேண்டாம்" என்றார் டாக்டர். "சதை வைக்குது. இப்படியே சாப்பிடுங்க."

இவர் அசையவில்லை. காதில் விழவில்லையோ என்று தோளைத் தொட்டேன். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

"இன்னொரு தரம் சொல்லுங்க டாக்டர்" என்றார்.

டாக்டர் இன்னொரு தரம் சொன்னார். இவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்த மாதம் முழுக்க நான் ஒருத்திதான் பயந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.